ஒரு மாவாலைக் குடும்பத்தின் குடிவழி

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை மாமல்லபுரத்துக் கடல் உள்வாங்கிப் பின் பெருகி வந்ததை நம் கரையோர மக்கள் மறந்திலர். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கடல்நீர் இறைக்கும் கூடத்துள் வெள்ளம் புகுந்தது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆயினும் நகரியத்திலும் மீனவர் குப்பங்களிலும் போன உயிர்கள் பல. நடுக்கடலில் கப்பலில் செல்வோர் உணரவும் இயலாத ஓர் அலை, கரையை அணுக அணுக எவ்வாறு உயர்கிறது என்பதற்கு எளியதொரு கணக்கு உண்டு. நீரின் ஆழம் பதினாறில் ஒரு பங்காகக் குறையுமிடத்து அலையின் உயரம் இருமடங்காகும். 2560 மீட்டர் ஆழத்தில் ஒரு முழமாக இருந்த அலை 160 மீட்டர் ஆழத்தில் இரண்டு முழமாகும். 10 மீட்டர் ஆழத்தில் நான்கு முழமாகும். அதற்குமேல் கரையின் வளைவும் அலையின் முறிவும் வேறு கணக்கு. இவ்விதிக்குக் ‘கிரீன் விதி’ என்று பெயர். கடற்கோள் முன்னறிவிப்போர் இன்றும் இதனைக் கையாளுகின்றனர்.

விதியை வகுத்தவர் கடலோடி அல்லர். கடலுக்குத் தொலைவில், இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நாட்டிங்ஹாம் நகரை அடுத்த ஸ்நென்டன் என்னும் சிற்றூரில் காற்றாலை வைத்துக் கோதுமை அரைத்தவர். பெயர் ஜார்ஜ் கிரீன். 1793 முதல் 1841 வரை வாழ்ந்தவர். வாய்க்கால்களில் அலை செல்லும் வகையைப் பற்றி 1837இல் அவர் எழுதிய சிறு கட்டுரையில் இக்கணக்கு அடங்கியுள்ளது. கல்பாக்கத்து இயற்பியலார்க்கு அவர் பெயர் வேறொரு வகையிலும் பழக்கம். அணுவுலைக்குள் நியூட்ரான்கள் பரவுவதைக் கணக்கிடுவோர் ‘கிரீன் சார்பு’ என்னும் கருவியின்றி ஒரு பக்கம் நகர்த்த இயலாது. அப்பெயர்க்குரியவர் மாவாலைக்காரர் என்பது அவர்களிற் பலர்க்கும் புதுச் செய்தியாக இருக்கக் கூடும்.

கவிஞர்கள் நிறைந்த வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் ஒரு கணித அறிஞரின் குடும்பக் கதைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். அவர்தம் கணிதத்தை விளக்க நான் வரவில்லை. அதற்குத் தகுதியும் இல்லை. அவர் குடிவழி கண்டறியப்பட்ட வகையே என்னை ஈர்த்தது. கிரீனுக்கு ஓவியம் ஒன்றும் இல்லை. அவர் முகம் எப்படியிருந்தது என்று சொல்வார் இலர். அவர் விட்டுச் சென்ற கடிதங்களும் மிகச் சில. அவரைப் பற்றி இன்று நாம் அறிவனவற்றுட் பெரும்பகுதி திருமுழுக்குப் பதிவேடு, உயில், நூலக உறுப்பினர் பட்டி, பள்ளிக் குறிப்பு, நிலவரிக் கணக்கு ஆகியவற்றினின்று திரட்டப்பட்டது. அவற்றை எழுதிய எழுத்தர்கள் தாம் ஒரு பேரறிஞரின் வரலாற்றை எழுதுகிறோம் என்று கனவிலும் கருதியிரார். அதே ஏடுகளிலிருந்துதான், அறிவியல் வரலாறு நூறாண்டுக்கு மேல் பொருட்படுத்தாத ஒரு பெண்ணும் ஏழு குழந்தைகளும் வெளிவந்தனர்.

இங்கிலாந்தில் ஒவ்வொரு திருச்சபை வட்டத்திலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று ஆணை பிறந்தது 1538இல். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் இட்ட ஆணை அது. மக்கள் இதனை வரி விதிப்பதற்கான சூழ்ச்சி என்று ஐயுற்றனர். ஆயினும் எழுதும் வழக்கம் நிலைத்தது. மன்னனுக்கு ஒரு வரி என்றால் மாடு மேய்த்தவனுக்கும் ஒரு வரி. 1837 ஜூலை முதல் அரசே பிறப்பு இறப்புகளைப் பதியத் தொடங்கியது. 1841இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் வீடுதோறும் உள்ளோர் பெயர், அகவை, தொழில் ஆகியவற்றை எழுதி, அத்தாள்களை அழிக்காமல் வைத்தனர். மூன்று தலைமுறைக்கு முன் வாழ்ந்த ஒரு கொல்லனின் பாட்டனை அந்நாட்டார் தேடிக் கண்டெடுக்க முடிவது இவற்றால்தான். நம் நாட்டில் 1871இல் பெருங்கணக்கு எடுத்தபோது தலைகளை எண்ணி நூலாக அச்சிட்டனர். வீட்டுத் தாள்களைப் பேணவில்லை. எண்ணிக்கை எஞ்சியது, பெயர்கள் போயின.

நம் கரையிலும் அயலார் மட்டும் இவ்வகையில் நற்பேறு பெற்றவர்கள். சென்னைக் கோட்டைத் தூய மரியன்னை ஆலயத்துப் பதிவேடு 1680இல் தொடங்குகிறது. சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள் உள்ள டச்சுக்காரர் கல்லறைகளில் குடும்பச் சின்னமும் பெயரும் நாளும் அழகுறப் பொறிக்கப்பட்டுள்ளன. சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களையெல்லாம் திரட்டி ஜே. ஜே. காட்டன் 1905இல் ஒரு நூலே செய்தார். அக்கல்லறைகளுக்கு மண் வெட்டியவர், கல் சுமந்தவர் பெயர்களை எவரும் திரட்டவில்லை. அது நிற்க.

மாவாலைக்காரர் என்பார் ஐரோப்பிய ஊர்களில் வேண்டப்பட்டும் வெறுக்கப்பட்டும் வாழ்ந்தவர். பண்டைக் காலத்தில் அவர்க்குக் கூலி காசாக அன்றி, அரைக்க வந்த தானியத்திலேயே ஒரு பங்காக அமைந்தது. நம் செங்கல்பட்டுப் பகுதியில் களத்துமேட்டில் கொல்லர்க்கும் தச்சர்க்கும் வெட்டியார்க்கும் நெல்லாக அளந்த மேரையும் சுதந்திரமும் போன்றது அது. பங்கு எடுப்பவர் கையில் அளவைப் படி இருந்தால் ஐயம் எழுவது இயல்பு. ஆங்கிலக் கவிஞர் சாசர் பதினான்காம் நூற்றாண்டிலேயே திருட்டு மாவாலைக்காரர் ஒருவரைக் கதைப்பாத்திரமாக்கிவிட்டார். மில்லர், மில்னர் என்னும் குடும்பப் பெயர்கள் அந்நாட்டில் மலிந்திருப்பதும் இத்தொழிலின் பரவலைக் காட்டும். காற்றாலை என்றால் இன்று நமக்கு முப்பந்தலில் மின்சாரம் எடுக்கும் வெள்ளைக் கம்பங்களே நினைவுக்கு வரும். அங்கு அந்நாளில் அது செங்கற் கோபுரம். தலைப்பகுதியைக் காற்றின் திசைக்குத் திருப்பிவிட்டால் சிறகுகள் சுழலும். அச்சுவழியே பெருந்திரிகை சுழலும். காற்று வீசும் வேளை இரவாயினும் ஆலைக்காரர் உறங்கலாகாது. கற்கள் தேய்ந்தால் நிறுத்திக் கொத்தவேண்டும். நம் தெருக்களில் அம்மி கொத்துவார் செய்த அதே வேலைதான், கல்தான் பெரிது.

கிரீனின் தந்தை பெயரும் ஜார்ஜ் கிரீன். உழவர் குடும்பத்தில் பிறந்து, நிலம் மூத்தவர்க்கே செல்லும் வழக்கத்தால் நகருக்கு வந்து, ரொட்டி சுடும் தொழிலைக் கற்று முன்னேறியவர். அவர் மனைவி சாரா பட்லர். அவர்களின் மகன் நாட்டிங்ஹாம் தூய மேரி ஆலயத்தில் 1793 ஜூலை 14ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றதாக ஏடு கூறுகிறது. பிறந்த நாளை ஏடு கூறவில்லை. இரண்டாண்டு கழித்து ஆன் என்னும் தங்கை பிறந்தாள். பிரெஞ்சுப் போர்க்காலம் அது. கோதுமை விலை ஏறி 1800இல் அந்நகரில் ரொட்டிக் கலகம் மூண்டது. அத்தகைய காலங்களில் பசித்தவர் சினம் முதலில் ரொட்டிக் கடைமேலும் மாவாலைமேலும் பாயும். ஆயினும் மூத்த கிரீன் செழித்தார். 1807இல் ஸ்நென்டன் மேட்டில் சொந்தமாக ஒரு செங்கற் காற்றாலை கட்டினார். பத்தாண்டு கழித்து அதன் அருகிலேயே வீடும் எழுந்தது.

மகனின் பள்ளிப் படிப்பைச் சொல்லி முடிக்க ஒரு வரி போதும். ராபர்ட் குடேக்கர் என்பார் நடத்திய பள்ளியில் எட்டு வயதில் சேர்ந்து நான்கு பருவங்கள் பயின்றான். ஒன்பது வயதில் ரொட்டிக் கடைக்கு வந்துவிட்டான். பின்னர் ஆலை. அதன் பின் முப்பது வயது வரையில் அவரைப் பற்றி எந்த ஏடும் ஏதும் கூறவில்லை. 1823இல் நாட்டிங்ஹாம் சந்தா நூலகத்து உறுப்பினர் பட்டியில் அவர் பெயர் தென்படுகிறது. இடையிட்ட இருபதாண்டில் பிரெஞ்சுக் கணிதத்தை, இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களே தயங்கிப் பயின்றுகொண்டிருந்த புதுமுறைக் கணிதத்தை, யாரிடம் கற்றார்? எந்த நூலைக் கொண்டு? ஆலையின் மேல்தளத்தில் அமர்ந்து படித்தார் என்பது ஊர் வழக்கு. சான்று இல்லாவிடினும் நம்பத்தக்க வழக்கே. காற்றடிக்கும் இரவில் விழித்திருக்க வேண்டியவர்க்குப் புத்தகத்தைவிட நல்ல துணை எது?

இனி நான் சொல்ல விரும்பிய பகுதிக்கு வருகிறேன்.

ஆலையை நடத்த மூத்த கிரீன் வில்லியம் ஸ்மித் என்னும் மேலாளரை அமர்த்தியிருந்தார். அவர்க்கு ஜேன் என்று ஒரு மகள். ஜேன் ஸ்மித்துக்கும் இளைய கிரீனுக்கும் 1824இல் முதற்குழந்தை பிறந்தது. 1840இல் கடைக்குழந்தை கிளாரா பிறந்தாள். ஆக எழுவர். பதினாறு ஆண்டு நீடித்த இல்லறம். ஆனால் திருமணப் பதிவேட்டில் வரி இல்லை. இருவரும் மணந்துகொள்ளவில்லை.

திருமுழுக்கு ஏடு இதனை மறைக்கவும் இல்லை. உரக்கச் சொல்லவும் இல்லை. மணம் புரியாத தாயின் குழந்தை தாயின் குடும்பப் பெயராலேயே எழுதப்படும். எனவே எழுவரும் ஸ்மித் குடும்பத்துப் பிள்ளைகள். ஆனால் தலைக்குழந்தை ஒழிந்த மற்ற அறுவர்க்கும் திருமுழுக்குப் பெயரோடு பெயராகக் ‘கிரீன்’ என்னும் சொல்லும் இடப்பட்டிருக்கிறது. சட்டம் கொடுக்காத தகப்பன் பெயரை ஜேன் பிள்ளையின் சொந்தப் பெயருக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டாள் எனலாம். நம் தமிழர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். பெயருக்கு முன் நிற்கும் ஒற்றைத் தலைப்பெழுத்துக்காகப் பள்ளிக்கூட வாயிலில் எத்தனை தாய்மார் தலைகுனிந்து நின்றிருக்கின்றனர்! முதற்குழந்தைக்கு அத்துணிவு வரவில்லை, இரண்டாவதற்கு வந்தது. இரண்டுக்கும் இடையே அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்ததோ, அதைப் பாடக் கவிஞர் வேண்டும். ஏட்டில் இருப்பது அந்த ஒரு சொல்லே. பிற்காலத்தில் பிள்ளைகள் கிரீன் என்றே வழங்கினர். ஊரும் ஜேனைத் திருமதி கிரீன் என்று அழைத்தது.

ஏன் மணக்கவில்லை? மேலாளர் மகளை மணந்தால் சொத்து இல்லை என்று தந்தை அச்சுறுத்தினார் என்பது ஒரு செவிவழிச் செய்தி. தந்தை 1829இல் இறந்தார். தாய் அதற்கு முன்பே 1825இல் மறைந்தார். தடை நீங்கிய பின்னும் மணம் நிகழவில்லை. கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் ஆய்வுப் பேராளராக அமர்வோர் மணமாகாதவராக இருக்கவேண்டும் என்பது அந்நாளைய விதி. அதனால் காத்திருந்தார் என்பர் கிரீனைப் போற்றுவோர். அவர் கேம்பிரிட்ஜ் சென்றது 1833இல். தந்தை இறந்து நான்காண்டு இடைவெளி இருக்கிறது. இந்தச் சமாதானம் எனக்கு நிறைவளிக்கவில்லை. 1834இல் வந்த புதிய ஏழையர் சட்டம், மணமின்றிப் பிறந்த குழந்தையைப் பேணும் சுமையைத் தாயின் தலையிலேயே ஏற்றியது. கிரீன் குடும்பத்துக்கு வறுமை இல்லை. ஆதலால் அச்சட்டத்தின் பல் ஜேன் மேல் பதியவில்லை. ஆனால் அச்சட்டத்தை இயற்றிய சமுதாயத்தின் பார்வையை அவள் நாள்தோறும் தெருவில் சந்தித்திருப்பாள். அலைக்கும் மின்விசைக்கும் விதி கண்டவர் இதற்கு ஒரு வழி காணவில்லை என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

1828இல் கிரீன் தம் முதல் நூலை வெளியிட்டார். மின்னியல், காந்தவியல் கொள்கைகளுக்குக் கணிதப் பகுப்பாய்வைப் பொருத்துவது பற்றிய கட்டுரை அது. எழுபது எண்பது பக்க அளவினது, நாட்டிங்ஹாமிலேயே அச்சானது. வெளியிட்டது பதிப்பகம் அன்று, முன்பதிவு. நம் வட்டத்துக் கவிஞர்க்கு இம்முறையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் தொகுப்பை நண்பர்களிடம் முன்பணம் திரட்டி அச்சிட்டுவிட்டு, மீதிப் படிகளைப் பரண்மேல் அடுக்கியவர் நம்மிடையே எத்தனை பேர்! கிரீனுக்கு 51 பேர் முன்பதிவு செய்தனர். விலை 7 ஷில்லிங் 6 பென்ஸ். ஓர் உழவுக் கூலியாளின் வாரக் கூலியில் பெரும்பகுதி. வாங்கியவருள் மிகுதியானோர் உள்ளூரார், நூலகத்து நண்பர்கள். நூலின் ஒரு பக்கத்தையேனும் புரிந்துகொள்ளக் கூடியவர் அவர்களுள் ஒருவரோ இருவரோ. புரியாத நூலுக்குப் பொருள் கொடுத்த அந்த ஐம்பத்தொருவரை நான் வணங்குகிறேன்.

புரிந்தவர் ஒருவர் இருந்தார்; சர் எட்வர்டு பிராம்ஹெட். அடுத்த மாவட்டத்துப் பெருநிலக்கிழார். கேம்பிரிட்ஜில் கணிதம் கற்றவர். இனி எழுதும் கட்டுரைகளைக் கற்றோர் கழகங்களுக்குத் தாமே அனுப்புவதாக உடனே எழுதினார். கிரீன் விடை எழுதவில்லை. பெரிய மனிதர் மரியாதைக்குச் சொன்ன சொல்லை மெய்யென்று கொள்ளலாகாது என்று யாரோ அவர்க்கு அறிவுரை கூறியிருந்தனர்! ஏறத்தாழ இரண்டாண்டு வீணாயிற்று. 1830 தொடக்கத்தில்தான் தயங்கித் தயங்கி மறுமொழி எழுதினார். இராமானுஜன் 1913இல் ஹார்டிக்கு எழுதிய மடலை நினைத்துக்கொண்டேன். துறைமுகக் கழக எழுத்தர்க்கு இருந்த துணிவு மாவாலை உரிமையாளர்க்கு இல்லை. வகுப்பு வேற்றுமை என்னும் நோய் சொந்த நாட்டுக்குள்தான் மிகுதியாக வருத்தும் போலும்.

பிராம்ஹெட் தூண்டுதலால் ஆலையை வாடகைக்கு விட்டு, நாற்பதாம் வயதில், பாதி அகவையினரான மாணவரோடு கேம்பிரிட்ஜின் கேயஸ் கல்லூரியில் அமர்ந்தார் கிரீன். 1837 தேர்வில் நான்காம் இடம். இரண்டாம் இடம் பெற்றவர் பின்னாளில் புகழ்பெற்ற சில்வெஸ்டர். 1839இல் கல்லூரி ஆய்வுப் பேராளர் ஆனார். அலை, ஒலி, ஒளி பற்றிய கட்டுரைகள் இக்காலத்தவை. நம் கரைக்கு வேண்டிய வாய்க்கால் அலைக் கட்டுரையும் அவற்றுள் ஒன்று. விரைவில் உடல் நலிந்தது. ஸ்நென்டனுக்குத் திரும்பினார். ஜேனுக்கும் பிள்ளைகளுக்கும் சொத்தை ஒதுக்கி உயில் எழுதினார். திருமணப் பதிவேடு சொல்லாததை உயில் சொன்னது. 1841 மே 31ஆம் நாள் இறந்தார். கிளாராவுக்கு அப்போது பதின்மூன்று மாதம்.

வீடுதோறும் பெயர் எழுதிய அந்த முதற் கணக்கெடுப்பு நடந்தது 1841 ஜூன் 6ஆம் நாள் இரவு. ஆறு நாள் தவறியது. தம் வீட்டில், தம் மக்களோடு ஒரே தாளில் கிரீன் பெயர் எழுதப்படும் வாய்ப்பு அவ்வளவில் போயிற்று.

அவர் புகழ் பரவிய கதை பலரும் அறிந்தது, சுருங்கச் சொல்வேன். பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன், மாணவராக இருந்தபோது வேறொரு கட்டுரையில் கிரீன் நூலைப் பற்றிய குறிப்பைக் கண்டு எங்கும் தேடினார். 1845 தொடக்கத்தில் பாரீசுக்குப் புறப்படும் தறுவாயில், அவருடைய தனி ஆசிரியர் ஹாப்கின்ஸ் அலமாரியிலிருந்தே படிகள் கிடைத்தன. பாரீசில் அதனைக் கண்ட கணிதர்கள் வியந்தனர். 1850 முதல் 1854 வரை ஜெர்மானிய இதழொன்றில் நூல் மீண்டும் அச்சேறியது. 1871இல் ஃபெரர்ஸ் என்பார் கட்டுரைகள் முழுவதையும் தொகுத்து, சிறியதொரு வாழ்க்கைக் குறிப்பையும் சேர்த்தார். கணிதம் நிலைபெற்றது. மனிதர் மறைந்தே இருந்தார்.

மனிதரைத் தேடும் பணியை நாட்டிங்ஹாம்காரர்களே மேற்கொண்டனர். தங்கை ஆனின் கணவர் வில்லியம் டாம்லின் எழுதிவைத்த நினைவுக் குறிப்பு ஒரு தொடக்கம். 1940களில் எச். ஜி. கிரீன் என்னும் கணித ஆசிரியர் ஏடுகளைப் புரட்டி ஒரு வரலாறு எழுதினார். பின்னர் மேரி கேனல் என்னும் அம்மையார் எழுதிய முழு வரலாறு 1993இல் வெளிவந்தது. ஓவியமும் நாட்குறிப்பும் இல்லாத ஒருவரின் வாழ்க்கையை நூலளவுக்கு விரித்தெழுதுவது எளிதன்று. தந்தை வாங்கிய நிலம், மேலாளர் குடும்பம், ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த ஆண்டு, சந்தாதாரர் பெயர்கள் என்று நூல்நூலாக எடுத்து நெய்திருக்கிறார். ஜேன் ஸ்மித் அடிக்குறிப்பிலிருந்து நூலுக்குள் வந்தது அப்போதுதான்.

ஆலையின் ஊழும் இதே வகைத்து. சிறகு ஒடிந்து, பின் மெருகு செய்பொருள் தொழிற்கூடமாகி, 1947இல் தீப்பற்றி எரிந்து வெறுங்கோபுரமாக நின்றது. இடித்துத் தள்ளியிருப்பர். பல்கலைக்கழகத்து இயற்பியலார் சிலர் 1974இல் நினைவு நிதி திரட்டி வாங்கி, நகராட்சியிடம் ஒப்படைத்தனர். 1980களில் சிறகுகள் மீண்டும் சுழன்றன. பக்கத்திலேயே பிள்ளைகளுக்கான அறிவியற் கூடமும் அமைந்தது. 1993இல், பிறந்த இருநூறாம் ஆண்டில், வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் நியூட்டனுக்கு அருகில் கிரீனுக்கு நினைவுக்கல் பதித்தனர். நோபல் பரிசு பெற்ற ஜூலியன் ஷ்விங்கர், கிரீனிடம் தாம் பட்ட கடனைப் பற்றி அவ்வாண்டு நாட்டிங்ஹாமிலேயே உரையாற்றினார்.

நம் இராமானுஜனின் துணைவி ஜானகி அம்மாள் கணவர்க்குப் பின் எழுபத்து நான்கு ஆண்டு வாழ்ந்து 1994இல் சென்னையில் மறைந்தார். தையல் வேலை செய்து பிழைத்த அவரை அறிஞர்கள் நேரில் கண்டனர், வினவினர், அவர் சொன்னவை அச்சில் உள்ளன. ஜேன் ஸ்மித்தை எவரும் வினவவில்லை. கணவர் என்று ஊரறியச் சொல்லிக்கொள்ளச் சட்டம் இடந்தராத ஒருவரைப் பற்றி அவளிடம் வினவ வேண்டும் என்று எவர்க்கும் தோன்றவில்லை.

நம் பக்கத்துக்குத் திரும்புவோம். மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் பாறையொன்றின் மேல் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கலியாணி, கொல்லன் சேமகன் என்பன அவற்றுட் சில. பல்லவர் காலத்து எழுத்து. கடற்கரைக் குன்றுகளைக் குடைந்த சிற்பியரும் அவர்தம் உளிகளை வடித்த கொல்லரும் இவர்களே என்று அறிஞர் கருதுகின்றனர். கிரீனுக்கு முகமில்லை, இவர்களுக்கு முகமும் இல்லை, தந்தை பெயரும் இல்லை, பிறந்த ஊரும் ஒருவரிருவர்க்கன்றி இல்லை. பெயரொழிந்த யாவும் போயிற்று. ஆயினும் கொல்லன் சேமகன் தன் தொழிலைப் பெயரோடு சேர்த்து வெட்டிக்கொண்டான். மில்லர் என்றும் மில்னர் என்றும் அங்கே நிலைத்ததற்குப் பல நூற்றாண்டு மூத்த செய்கை இது!

பூஞ்சேரிக்கும் நமக்கும் இடைப்பட்ட காலத்துக்கு வேறொரு புதையல் இருக்கிறது. நம்மவர் பலரும் அறியாதது. ஆற்காட்டு நவாபிடமிருந்து 1763இல் கும்பினியார் கைக்கு வந்த செங்கல்பட்டுச் சீர்மையை, தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஊரூராக அளந்தார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்கள். அவர் கேட்ட கணக்கையெல்லாம் ஊர்க் கணக்கப்பிள்ளைகள் தமிழில் ஓலையில் எழுதிக் கொடுத்தனர். ஆங்கிலச் சுருக்கம் சென்னை ஆவணக் காப்பகத்திலும், ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. ஏரி எவ்வளவு, நஞ்சை எவ்வளவு, மானியம் எவர்க்கு, எத்தொழிலார்க்கு எத்தனை வீடு, களத்தில் யார்க்கு எத்தனை மரக்கால் என்று அவை விரிகின்றன. வாலாஜாபாத்தை அடுத்த உள்ளாவூரின் கணக்கை அறிஞர் ஆராய்ந்து நூலாகவே வெளியிட்டுள்ளனர். மற்ற ஊர்களுட் பெரும்பாலானவற்றின் ஓலைகள் படிப்பாரைப் பார்த்திருக்கின்றன.

கிரீனின் தந்தை ரொட்டிக் கடையில் தொழில் பழகிய காலமும் இவ்வோலைகள் எழுதப்பட்ட காலமும் ஏறத்தாழ ஒன்றே. வாணியர் வீடும், கொல்லர் வீடும், வண்ணார் வீடும், சேரியும் அவற்றுள் கணக்கில் உள்ளன. இன்னின்னார்க்குப் பங்கு இவ்வளவு என்று எழுதிய கணக்கப்பிள்ளையும் கவிதை எழுதுகிறோம் என்று எண்ணியிரான். பழைய எழுத்தும் பின்னக் குறியீடுகளும் படிக்கத் தெரிந்த முதியோர் நம் வட்டத்திலேயே இருவர் மூவர் உள்ளனர். திருப்போரூர், திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம் என்று தத்தம் ஊர் ஓலையைக் கேட்டுத் தஞ்சைக்குச் செல்ல இளைய அன்பர்கள் முன்வந்தால், பெரியவர்கள் உடன் அமர்ந்து படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கின்றனர்.